தனக்கென ஒரு வேண்டுதல்: மனத்திடம் தேடும் பெண்கள் வழிபாட்டை அமைத்துக்கொள்ளும் முறை

நம் வீடுகளில் பெண்கள் நோற்கும் நோன்புகளை ஆண்டின் வரிசையில் எழுதிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை பிறர் நலத்துக்காக நோற்கப்படுபவை என்பது விளங்கும். மாசியும் பங்குனியும் சந்திக்கும் வேளையில் அடையும் வெண்ணெயும் படைத்துக் கட்டிக்கொள்ளும் காரடையான் நோன்புச் சரடு கணவனின் ஆயுளுக்கானது. ஆடியிலோ ஆவணியிலோ, பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளிக்கிழமையில் கலசம் வைத்துச் செய்யும் வரலட்சுமி விரதம் குடும்பத்தின் செல்வத்துக்கும் நலத்துக்கும் உரியது. பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் ஏற்றும் விளக்கு பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கு. மருத்துவமனை வாசலில் முடிந்துவைக்கும் காசு மாமனாரின் அறுவை சிகிச்சைக்கு. இவற்றில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. அன்பு கொண்டவர்களுக்காக வேண்டிக்கொள்வது வழிபாட்டின் இயல்பான பகுதியே.

ஆனால் தன் மனமே தளர்ந்துபோகும்போது, அதைத் தாங்கி நிறுத்தும் திடத்தைத் தனக்காகக் கேட்பதற்கு நம்மில் பலருக்கு நா எழுவதில்லை. எல்லோரும் நன்றாக இருந்தால் போதும் என்று சொல்லி வேண்டுதலை முடித்துவிட்டு, கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறோம். படுத்த படுக்கையாகிவிட்ட தாயைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் மகள், கணவன் இறந்தபின் கடன்காரர்களுக்கு ஒருத்தியாக நின்று பதில் சொல்பவள், அலுவலகத்தில் தினமும் சிறுமைப்படுத்தப்பட்டும் வேலையை விட முடியாதவள், குழந்தையை இழந்தவள் ஆகியோரை நினைத்தே இதை எழுதுகிறேன். வழிபாடு சிறியதாகவும், அன்றாடம் நடப்பதாகவும், வாய்விட்டுச் சொல்லப்படுவதாகவும், தனக்கே உரியதாகவும் இருந்து, ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒரு செயலில் சென்று முடியுமானால் அது உறுதியைத் தருகிறது என்பது என் நம்பிக்கை. நான் சைவ மரபில் வளர்ந்தவளாதலால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்து மிகுதியாக வரும். ஆயினும் விவிலியத்திலும் இஸ்லாமிய மரபிலும் உள்ள இரு பெண்களின் வழிபாட்டைக் கூறாமல் இந்த வழிகாட்டியை எழுத இயலாது.

கேட்பது இன்னதென்று தெளிதல்

பழைய ஏற்பாட்டின் முதலாம் சாமுவேல் நூல் அன்னாள் என்ற பெண்ணின் துயரத்தோடு தொடங்குகிறது. எல்க்கானாவின் இரு மனைவியரில் அவளுக்குப் பிள்ளை இல்லை. மற்றவளாகிய பெனின்னாள் ஆண்டுதோறும் அவளை மனம் நோகப் பேசிவந்தாள். கணவனோ, பத்து மகன்களைவிட நான் உனக்கு மேலானவன் அல்லவா என்று கேட்டு, அன்போடுதான் என்றாலும், அவளுடைய துயரத்தை ஒரே சொல்லில் கடந்துவிடப் பார்த்தான். அன்னாள் சீலோவில் இருந்த ஆலயத்துக்குப் போய் அழுது வேண்டினாள். உதடுகள் அசைந்தன; குரல் வெளிவரவில்லை. குருவாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டார். அவள் நடுங்கிப் பின்வாங்கவில்லை. தான் மனம் நொந்த ஒரு பெண் என்றும், தன் உள்ளத்தை ஆண்டவர் முன்னிலையில் ஊற்றிக்கொண்டிருந்ததாகவும் நேராகப் பதில் சொன்னாள். அதன்பின் அவள் போய் உணவு உண்டாள். அவள் முகம் அதற்குமேல் வாடியிருக்கவில்லை.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சாமுவேல் பிறந்தது பிற்பாடு. முகம் தெளிந்ததும் உணவு உள்ளே சென்றதும் அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டன. தன் துயரம் இன்னதென்று மறைக்காமல் சொன்னதிலும், தவறாக எண்ணிய பெரியவரிடம் தன் நிலையை எடுத்துரைத்ததிலும் அவளுக்குத் திடம் வந்தது.

ஆகவே வழிபாட்டைத் தொடங்குமுன் நீங்கள் செய்ய வேண்டிய முதற்காரியம், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரே ஒரு வாக்கியமாக ஒரு தாளில் எழுதுவது. மன அமைதி வேண்டும், குடும்பம் சுகமாக இருக்க வேண்டும் என்பன போன்ற பொதுவான வேண்டுதல்கள் இதற்குப் போதா. ‘வட்டிக்காரர் வாசலில் நின்று சத்தமிடும்போது என் குரல் உடையாமல் இருக்க வேண்டும்’, ‘அம்மாவுக்கு மூன்றாம் முறை படுக்கை மாற்றும்போது அவள்மேல் எனக்குக் கோபம் வரக் கூடாது’, ‘நிலப்பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று என் அண்ணனிடம் சொல்ல வேண்டும்’ என்பன போல, நாளும் இடமும் ஆளும் தெரியும்படி அது இருக்கட்டும். எழுதும்போது அழுகை வந்தால் அழுது முடித்துவிட்டு எழுதுங்கள். வெட்கம் வந்தால் அந்த வாக்கியமே சரியான வாக்கியம் என்று கொள்ளலாம். அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னாலோ, விவிலியத்துக்குள்ளோ, பிறர் கைபடாத வேறோர் இடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

நேரமும் இடமும்

விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து நீராடிச் செய்வதுதான் வழிபாடு என்ற எண்ணத்தை, இரவில் பாதித் தூக்கம் மட்டுமே கிடைக்கும் பெண்கள் விட்டுவிட வேண்டும். அந்நேரத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. ஊர் அடங்கியிருக்கும், யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். அதே தனிமை சிலருக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் ஒன்பதரை மணிக்குக் கிடைக்கும். இரவுப்பணி முடித்துவரும் செவிலியருக்குக் காலை எட்டு மணிக்குக் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 முதல் 4.30 வரையிலும் வெள்ளிக்கிழமை காலை 10.30 முதல் 12 வரையிலும் வரும் இராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றும் வழக்கம் நம் கோயில்களில் பரவலாக உள்ளது என்றாலும், வேலைக்குச் செல்லும் பெண் அந்நேரம் வாய்க்கவில்லையே என்று வருந்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. உங்களுக்குக் கிடைக்கும் கால் மணி நேரம் எது என்று பாருங்கள். அதை நாள்தோறும் மாற்றாமல் வைத்துக்கொள்வதே முக்கியம், ஏனெனில் குறித்த நேரம் வந்ததும் மனம் தானாக அங்கே திரும்பப் பழகிவிடும்.

தனிப் பூசையறை இல்லாத வீடுகளே நம்மிடம் மிகுதி. சமையலறை அலமாரியின் ஒரு தட்டு போதும். ஒரு காமாட்சி விளக்கு, நல்லெண்ணெய், பஞ்சுத்திரி, ஒரு பூ ஆகியவற்றுக்கு மேல் எதுவும் இல்லாமல் தொடங்கலாம். சமையலறையில் ஏற்றுவதானால் எரிவாயு உருளைக்கும் அடுப்புக்கும் எட்டத்தில், காற்றில் திரைச்சீலை வந்து படாத இடத்தில் விளக்கை வையுங்கள். முந்தானையையும் விரித்த கூந்தலையும் கட்டிக்கொண்டு ஏற்றுங்கள். கண்ணை மூடி அமரப்போகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. விடுதியில் விளக்கேற்ற அனுமதி இல்லை என்றால் விளக்கில்லாமலே அமரலாம்.

இடத்தையும் நேரத்தையும் விடக் கடினமானது ஒன்று உண்டு. அந்தக் கால் மணி நேரம் தன்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்வது. காபி எங்கே, சீருடை எங்கே, சாவி எங்கே என்ற கேள்விகளுக்கு வழிபாட்டின் நடுவிலும் விடை சொல்லிப் பழகிய பெண்ணுக்கு இதைச் சொல்வதே முதல் பயிற்சி. சண்டையாகச் சொல்ல வேண்டாம். விளக்கு எரியும்வரை அம்மாவைக் கூப்பிட வேண்டாம் என்று பிள்ளைகளிடமும், ‘ஒரு கால் மணி நேரம் பொறுங்க அத்தை, சாமி கும்பிட்டுட்டு வந்துடுறேன்’ என்று மாமியாரிடமும் அமைதியாகச் சொல்லிவிட்டு, நடுவில் அழைத்தாலும் எழாமல் இருந்து பாருங்கள். சில நாள்களில் வீடு அதற்குப் பழகிக்கொள்ளும்.

வாய்விட்டுச் சொல்லுதல்

மனத்துக்குள் வேண்டிக்கொள்வது நல்லதுதான். ஆனால் மனம் அலைபாயும் காலத்தில் உள்ளே சொல்லும் சொல், இரண்டாவது வரியிலேயே கவலையாக மாறிவிடும். குரலெடுத்துச் சொல்லும்போது மூச்சு அளவுபட்டு வருகிறது, காது கேட்கிறது, நா அடுத்த சொல்லுக்குத் தயாராகிறது. கவலைக்கு இடம் குறைகிறது. இதற்கு உடலளவிலும் காரணம் உண்டு. 2001-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள 23 பேரை ஜெபமாலை மன்றாட்டை இலத்தீனில் சொல்லச் செய்தும், ஒரு யோக மந்திரத்தைச் சொல்லச் செய்தும் அளந்து பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறையாகக் குறைந்து, இதயமும் இரத்த ஓட்டமும் கொள்ளும் இயல்பான தாளமும் வலுப்பட்டது. பாடல்களை ஓசையோடு ஓத வேண்டும் என்று நம் முன்னோர் வற்புறுத்தியதன் பயனை இதில் ஓரளவு உணரலாம்.

எதைச் சொல்வது என்பது உங்கள் நிலையைப் பொறுத்தது. அதிகாரம் உள்ளவர்களைக் கண்டு அஞ்சும் நிலையில் இருப்பவர்களுக்கு, அப்பரின் ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்று தொடங்கும் பதிகத்தை நான் முதலில் பரிந்துரைப்பேன். பல்லவ மன்னனின் ஆட்கள் தம்மை அழைத்துப்போக வந்து நின்றபோது அவர் பாடியது அது. அச்சமில்லாதவனின் குரல் எப்படி இருக்கும் என்பதை நாவே கற்றுக்கொள்ளும்படி அதன் ஓசை அமைந்திருக்கிறது. பின்னர் 7 நாள் நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைக்கப்பட்டிருந்தபோது அவர் பாடியதாகப் பெரியபுராணம் கூறும் ‘மாசில் வீணையும்’ என்ற பாடல், துன்பத்தின் நடுவே குளிர்ச்சியை நினைப்பது. நான்கே அடிகள் கொண்டதாதலால், பேருந்தில் நின்றுகொண்டே சொல்லிவிடலாம். வரப்போகும் நாள்களைப் பற்றிய கலக்கம் மிகுந்தவர்களுக்குச் சம்பந்தரின் கோளறு பதிகம் உண்டு. உடலே பலவீனப்பட்டு, நோயோடோ பயத்தோடோ இருப்பவர்களுக்குக் கந்த சஷ்டி கவசம் ஏற்றது. முகம், கண், செவி, கழுத்து, மார்பு என்று உறுப்புறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்கும்படி வேண்டும் பகுதி வரும்போது, அந்தந்த உறுப்பின்மேல் கவனத்தை வைத்து மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாள் முழுவதும் பிறர் உடலைப் பேணும் பெண், தன் உடல் ஒன்று இருக்கிறது என்பதை அந்தச் சில நிமிடங்களில் உணர்வாள். ஒலிப்பேழையையோ யூடியூப்பையோ ஓட விட்டு வேலை பார்ப்பது வேறு. நாமே சொல்வது வேறு.

பெண் குரலிலேயே சொல்ல விரும்பினால் காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதிக்குச் செல்லுங்கள். 101 வெண்பாக்கள். கணவனால் விட்டு விலகப்பட்டு, அதன்பின் தன் வழியைத் தானே வகுத்துக்கொண்ட புனிதவதி என்னும் பெண்ணின் பாட்டு அது. முதல் வெண்பாவிலேயே, பிறந்து பேசக் கற்ற நாள் முதல் உன்னையே சேர்ந்திருக்கிறேனே, என் துன்பத்தை என்றைக்குத் தீர்ப்பாய் என்று அவர் இறைவனை நேருக்கு நேர் கேட்கிறார். இறைவனிடம் முறையிடலாமா, கேள்வி கேட்கலாமா என்று தயங்கும் பெண்களுக்கு இதைவிடப் பெரிய அனுமதி வேண்டுமா? அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக அமைவதால் மனப்பாடம் செய்வதும் எளிது. 100 பாடல்கள் கொண்ட அபிராமி அந்தாதிக்கும் இது பொருந்தும். வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். பொருள் தெரிந்து சொல்லுங்கள். உரை வைத்திருப்பவரிடம் கேட்டோ, படித்தோ ஒவ்வோர் அடியின் கருத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பாட்டு முடிந்ததும் தாளில் எழுதிய உங்கள் வாக்கியத்தைக் காதில் விழும்படி ஒருமுறை சொல்லிவிட்டு, சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருங்கள்.

கையால் செய்யும் வழிபாடு

துயரம் மிகப் பெரியதாக இருக்கும் நாள்களில் வாயும் ஒத்துழைக்காது. பாட்டு மறந்துபோகும், கண்ணை மூடினால் நினைவுகள் திரண்டு வரும். அத்தகைய காலத்துக்கு நான் திலகவதியாரைக் காட்டுவேன். பெரியபுராணத்தில் அவர் வரலாறு தம்பியாகிய திருநாவுக்கரசரின், அதாவது அப்பரின், புராணத்துக்குள் அடங்கிவிடுவதால், நம்மில் பலர் அதைத் தனியே நின்று நினைத்துப் பார்ப்பதில்லை.

திருவாமூரில் பிறந்த அவரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தார்கள். திருமணம் நிகழுமுன் கலிப்பகையார் போருக்குச் சென்றார். அந்த இடைவெளியில் தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியாரும் அவரைத் தொடர்ந்தார். பின்னர்ப் போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் மாண்ட செய்தியும் வந்தது. உயிரை விட முடிவு செய்த திலகவதியாரின் காலில் தம்பி விழுந்து, நீங்கள் போனால் உங்களுக்கு முன் நான் போவேன் என்று கதறியதால் அவர் உயிர் தாங்கினார். அந்தத் தம்பியும் பிற்காலத்தில் வேறு சமயம் தேடிப் பிரிந்து போனார். எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. கெடிலத்தின் கரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்துக்குச் சென்று, விடியுமுன் எழுந்து கோயிலைக் கூட்டினார், சாணத்தால் மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்தார். சேக்கிழார் சொல்லும் அவருடைய வழிபாடு இந்த வேலைகள்தாம். நள்ளிரவில் சூலை நோயோடு தம்பி வந்து காலில் விழுந்தபோது, அவரைத் தூக்கி நிறுத்தித் திருநீறு கொடுத்து உள்ளே அழைத்துச் செல்லும் வலிமை அந்தப் பெண்ணிடம் இருந்தது. அப்பரின் தேவாரம் நமக்குக் கிடைத்ததற்கு அந்தத் துடைப்பத்தைப் பிடித்த கைகளும் காரணம் என்று நான் மனமார நம்புகிறேன்.

பெருக்குவதும் மெழுகுவதும் தாங்க முடியாத துயரத்தில் இருப்பவருக்கு ஏன் துணையாகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. முடிந்தது எது, மீதி எது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. உடல் களைத்தபின் இரவில் உறக்கம் வருகிறது. நீங்களும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வாசல் தெளித்துக் கோலமிடுவது, பூத்தொடுப்பது, விளக்குகளைப் புளியிட்டுத் துலக்குவது, சனிக்கிழமை காலையில் ஊர்க்கோயில் பிராகாரத்தைக் கூட்டுவது, ஞாயிறு வழிபாட்டுக்கு முன் ஆலயத்தின் இருக்கைகளைத் துடைப்பது ஆகியவற்றில் எது உங்களுக்கு இயல்பாக வருமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யும்போது பேச்சையும் கைப்பேசியையும் விலக்கி, ஒரே ஒரு நாமத்தை அசைவுக்கு ஏற்ப உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒரு வேலையை மட்டுமே இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்கள் செய்யும் எல்லா வேலையும் இறைத்தொண்டுதான், ஆகவே முணுமுணுக்காமல் செய் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். திலகவதியார் அந்தத் தொண்டைத் தாமே விரும்பித் தேர்ந்தார். பகிர்ந்து செய்ய வேண்டிய வீட்டுவேலையைப் பக்தியின் பெயரால் ஒருத்தியின் தலையில் கட்டுவது அதனோடு சற்றும் சேராது.

படுக்கைக்குப் போகுமுன்

நபிகள் நாயகத்தின் மகளாகிய ஃபாத்திமா நாயகி, திரிகையில் மாவரைத்து அரைத்துக் கை காய்த்துப்போன நிலையில், உதவிக்கு ஒரு பணியாள் வேண்டும் என்று கேட்கத் தந்தையின் வீட்டுக்குச் சென்றதாகவும், அவர் அங்கே இல்லாததால் ஆயிஷா நாயகியிடம் சொல்லிவிட்டுத் திரும்பியதாகவும் நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. அன்றிரவு அவர் மகளின் வீட்டுக்கு வந்து, கேட்டதைவிட மேலானது ஒன்றைத் தருவதாகச் சொல்லி, படுக்கும்போது சுப்ஹானல்லாஹ் என்று 33 முறையும், அல்ஹம்துலில்லாஹ் என்று 33 முறையும், அல்லாஹு அக்பர் என்று 34 முறையும் ஓதும்படி கற்பித்தார். அடுப்படியிலும் அம்மியிலும் களைத்த ஒரு பெண்ணின் கைவலியிலிருந்து தோன்றிய வழிபாடு என்பதாலேயே இது என் மனத்தில் ஆழமாகத் தங்கியிருக்கிறது. இன்றும் எத்தனையோ தமிழ் முஸ்லிம் பெண்கள் விரல் கணுக்களில் எண்ணியபடி இதை ஓதிவிட்டு உறங்குகிறார்கள்.

எண்ணிச் சொல்வதன் நன்மை, களைத்த மூளைக்கு அது எந்தப் பாரத்தையும் தருவதில்லை என்பதே. உங்கள் மரபு எதுவானாலும் இரவுக்கென்று ஒரு சிறு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தெழுத்தையோ எட்டெழுத்தையோ 108 முறை சொல்லலாம். ஜெபமாலையின் 5 பத்துகளையும் முடிக்க இயலாத இரவில் ஒரு பத்தை மட்டும் சொல்லலாம். இடையில் தூக்கம் வந்து எண்ணிக்கை தவறினால் எழுந்து சரிசெய்ய வேண்டாம், உறங்கிவிடுங்கள்.

பிற பெண்களோடு

தனித்து வேண்டுவது ஒரு பாதி. மற்றப் பாதி கூடி வேண்டுவதில் இருக்கிறது என்பதை ஆண்டாள் அறிந்திருந்தாள். திருப்பாவையின் 30 பாசுரங்களில் ஆறு முதல் பதினைந்து வரையிலான பத்தும் உறங்கிக்கொண்டிருக்கும் தோழியரை வீடு வீடாகச் சென்று எழுப்புவதற்கே செலவாகின்றன. இறைவன் வாசலுக்குப் போகுமுன் ஒருத்தியையும் விட்டுவிடாமல் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்ற அக்கறை அது.

தென்மாவட்டங்களில், குறிப்பாக நாஞ்சில் நாட்டுப் பகுதியில், செவ்வாய்க்கிழமை இரவுகளில் நடக்கும் ஔவையார் நோன்பும் அப்படிப்பட்டதே. ‘தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி’ என்று சொலவடையே உண்டு. ஆண்கள், சிறுவர்கள் உட்பட, அங்கே இருக்கக் கூடாது. பெண்கள் ஒரு வீட்டில் கூடி, உப்பில்லாத கொழுக்கட்டை பிடித்து, ஔவையின் கதையை ஒரு மூத்தவள் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். அந்த இரவில் கதையோடு சேர்ந்து, பகலில் பேச முடியாத எவ்வளவோ பேசப்படுகின்றன. கோயிலில் நடக்கும் திருவிளக்குப் பூசை, வீடுகளில் கூடும் மகளிர் ஜெபக் கூட்டம், வெள்ளிக்கிழமை மாலையில் கூடிச் செய்யும் பாராயணம் எதுவானாலும் இரண்டு விஷயங்களைப் பார்த்துச் சேருங்கள். அங்கே சொன்னது வெளியே போகாமல் இருக்கிறதா? துன்பப்படுபவளைப் பார்த்து உன் பக்தி போதவில்லை, உன் தோஷம் தீரவில்லை என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்காமல் இருக்கிறார்களா? இரண்டில் ஒன்று இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம். நம்பகமான இரண்டு பெண்கள் உங்கள் கூடத்தில் அமர்ந்தாலே போதும்.

தடை என்று சொல்லப்படுபவை

மாதவிலக்கு நாள்களில் விளக்கைத் தொடக் கூடாது என்ற வழக்கம் உள்ள வீடுகளில் வழிபாடே மூன்று நான்கு நாள் அறுந்துபோகிறது. பலருக்கு உடல் வலியும் மனச்சோர்வும் மிகுதியாக இருப்பது அந்நாள்களில்தான். மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில், 2023-இல் மறைந்த பங்காரு அடிகளாரின் வழிகாட்டலின்படி, பெண்கள் மாதவிலக்கு நாள்களிலும் கோயிலுக்குள் செல்லலாம் என்பதும், கருவறையில் தாங்களே பூசை செய்யலாம் என்பதும் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருப்பதை இலட்சக்கணக்கானோர் அறிவர். உங்கள் வீட்டு வழக்கத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் விளக்கை மட்டும் விட்டுவிட்டு, அதே நேரத்தில் வேறோரிடத்தில் அமர்ந்து பாட்டைச் சொல்லுங்கள். நாவுக்கு எந்த விலக்கும் கிடையாது.

கணவனை இழந்தவர்களையும், மணமாகாதவர்களையும், மணவாழ்க்கை முறிந்தவர்களையும் பூசைகளில் ஒதுக்கிவைக்கும் கொடுமை இன்னும் முற்றாக ஒழியவில்லை. சுமங்கலிகளுக்கு மட்டும் என்று அழைப்பிதழில் அச்சிடுகிறவர்கள், திலகவதியாரையும் காரைக்கால் அம்மையாரையும் எந்த வரிசையில் உட்கார வைப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உங்களை ஒதுக்கும் இடத்துக்குப் போய் மனம் நொந்து திரும்புவதைவிட, உங்களை ஏற்கும் சந்நிதியைத் தேடிச் செல்லுங்கள்.

உண்ணாவிரதம் இந்த வழிபாட்டுக்குக் கட்டாயம் இல்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், கருவுற்றிருப்பவர்களும், பாலூட்டுபவர்களும், இரத்தசோகை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண், வேளைக்கு உண்பதையே ஒரு விரதமாக மேற்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வழிபாட்டுக்குப் பின் ஒரு செயல்

எழுந்ததும், தாளில் உள்ள வாக்கியத்தை நோக்கி அன்றைக்குச் செய்யக்கூடிய ஒரு சிறு செயலைச் செய்யுங்கள். கடனைப் பற்றியதானால் எவருக்கு எவ்வளவு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுவது. நிலத்தைப் பற்றியதானால் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிப்பது. தாயைப் பராமரிப்பது பற்றியதானால் வாரத்தில் ஒரு நாள் வந்து பார்த்துக்கொள்ளும்படி தம்பியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது. அன்னாள் எழுந்து போய் உண்டதும் அப்படி ஒரு செயலே. செயல் எதுவும் தொடராத வழிபாடு ஆறுதலைத் தரும். ஆனால் நாளாக ஆக அந்த ஆறுதலும் தேய்ந்துவிடும்.

அடியும் வசையும் உள்ள வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளும் சக்தியைக் கொடு என்று கேட்காதீர்கள். வெளியேறவும் உதவி கேட்கவும் துணிவைக் கொடு என்று கேளுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருப்பார். தமிழ்நாட்டில் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், இலங்கையில் 1938 என்ற எண்ணையும் அழைக்கலாம். வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் அற்றுப்போனாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, அது பக்திக் குறைவு அன்று. மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. இந்தியாவில் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்தும் வழிபாடும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் சேர்த்தே மேற்கொள்ளலாம்.

ஒரு மண்டலம், அதாவது 48 நாள், இவ்வாறு செய்து வாருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் பரிகாரம் தேடாமல் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மண்டலம் முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். வாக்கியம் பழையதாகிவிட்டது போலத் தோன்றினால், அதை அடித்துவிட்டு இப்போது வேண்டியதைப் புதிதாக எழுதுங்கள். அப்படியே இருக்கிறது என்று தோன்றினால், பாட்டை மாற்ற வேண்டாம்; அந்தத் தாளைக் காட்டக்கூடிய ஒருத்தி, அக்காவோ, சித்தியோ, தோழியோ, யார் என்று யோசித்து அவளிடம் எடுத்துச் செல்லுங்கள்.